அரசியல் செய்தியும் வேண்டும், தூக்கமும் வேண்டும்: ஒரு முழுமையான வழிகாட்டி

அரசியல் செய்தி பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோனவர்களுக்கு இரண்டு விதமான அறிவுரைகள்தான் கிடைக்கின்றன. "எதுக்கு இதையெல்லாம் பாக்குற, விட்டுத் தள்ளு" என்பது ஒன்று. "நாட்டு நடப்பு தெரியாமல் இருப்பதெல்லாம் ஒரு இருப்பா?" என்பது இன்னொன்று. முதலாவதைக் கேட்டால், வாக்களிக்கப் போகும் நாளில் யார் என்ன செய்தார் என்றே தெரியாமல் நிற்போம். இரண்டாவதைக் கேட்டால், ராத்திரி ஒன்றரை மணிக்கு முன்பின் தெரியாத ஒருவர் முன்பின் தெரியாத இன்னொருவரைத் திட்டுவதை வாசித்துக்கொண்டிருப்போம்.

ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிடியூட் பல நாடுகளில் ஆண்டுதோறும் எடுக்கும் ஆய்வில், செய்திகளை அவ்வப்போதோ அடிக்கடியோ வேண்டுமென்றே தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017-ல் 29 சதவீதம். 2025-ல் அது 40 சதவீதம். இவர்கள் எல்லோரும் அக்கறை இல்லாதவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தாங்க முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் இதில் நிறைய இருப்பார்கள்.

என்ன செய்தி, எப்போது, எந்த வடிவில், எதற்காக என்று முடிவெடுக்கும் வேலையை நாம் கைபேசியிடம் கொடுத்துவிட்டோம். அந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கான வழிதான் இது. எல்லாப் படிகளையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். ஆனால் முதல் இரண்டை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், மற்றதெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

முதலில், ஏன் இப்படிப் பாதிக்கிறது?

கெட்ட செய்தி நம்மை இழுப்பது மனப்பலவீனம் இல்லை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் 17 நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்திக் காட்சிகளைக் காட்டி, அவர்களுடைய இதயத் துடிப்பையும் தோலின் மின்கடத்தலையும் அளந்தார்கள். சராசரியாகப் பார்த்தால், எதிர்மறைச் செய்திக்கே உடல் கூடுதலாக எதிர்வினை காட்டியது. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் நிறைய இருந்தது. உங்கள் நண்பர் நாள் முழுக்கச் செய்தி பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால் அது அவருடைய உடல்வாகு. அவரோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம்.

செய்தியை விற்பவர்களுக்கும் இது தெரியும். ஒரு இணையதளத்தின் லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளை அலசிய 2023-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடும்போது அதைத் திறந்து பார்ப்பவர்களின் விகிதம் 2.3 சதவீதம் கூடியது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கான பேர் தலைப்புகளைப் பார்க்கும் உலகத்தில், "பகீர்", "அதிர்ச்சி", "கொந்தளிப்பு" எல்லாம் தலைப்பில் ஏன் குடியேறின என்பதற்கு அது போதும்.

இதோடு முடிவே இல்லாத திரையும் சேர்ந்துகொண்டது. 24 மணி நேரச் செய்தித் தொலைக்காட்சி 1980-ல் அமெரிக்காவில் தொடங்கியது. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பக்கம் 2006 வாக்கில் உருவானது. அச்சுத்தாளுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. வானொலிச் செய்திக்கு "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" உண்டு. கைபேசியில் அந்த வாசகத்தைச் சொல்ல ஆள் இல்லை, நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1997-ல் பிரிட்டனில் நடந்த ஒரு பரிசோதனையில், எதிர்மறைச் செய்திகளை மட்டும் தொகுத்து 14 நிமிடம் காட்டினார்கள். பார்த்தவர்களுக்குச் சோகமும் பதற்றமும் கூடின. அதோடு, அந்தச் செய்திக்குச் சம்பந்தமே இல்லாத தங்கள் சொந்தக் கவலைகளையும் அவர்கள் பெரிதாக நினைக்க ஆரம்பித்தார்கள். நாடாளுமன்ற அமளியைப் பார்த்துவிட்டுப் படுத்த பிறகு வீட்டுக் கடன் ஏன் திடீரென்று பயமுறுத்துகிறது என்பதற்கு இதில் பாதி பதில் இருக்கிறது.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐஃபோனில் 'ஸ்கிரீன் டைம்'. இரண்டும் செட்டிங்ஸில் ஏற்கனவே இருக்கின்றன. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம், ஒரு நாளைக்கு எத்தனை முறை போனை எடுத்தீர்கள், எந்தச் செயலி எத்தனை அறிவிப்பு அனுப்பியது என்று காட்டும். அந்த எண்களைப் பார்த்து அதிர்ச்சி அடைவது இயல்பு. ஆனால் இந்தக் கட்டத்தில் எண்களை விட முக்கியமானது வேறு.

ஒரு சின்னத் தாளில் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: எங்கே பார்த்தேன், எதற்காகத் திறந்தேன், மூடும்போது எப்படி இருந்தது. ஒரு வரி போதும். "யூடியூப், சும்மா, எரிச்சல்." "நாளிதழ், தேர்தல் தேதி பார்க்க, ஒன்றுமில்லை." "குடும்ப வாட்ஸ்அப், அறிவிப்பு வந்தது, மாமா மேல் கோபம்."

வாரக் கடைசியில் அந்தத் தாளைப் பார்த்தால் ஒரு விஷயம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ளத் திறந்த தடவைகள் கொஞ்சம். சும்மா இருக்க முடியாமல் திறந்த தடவைகள் ஏராளம். அப்புறம், மனதைக் கெடுத்தவை ஓரிரண்டு இடங்களில்தான் குவிந்திருக்கும். ஒருவருக்கு அது விவாத நிகழ்ச்சியாக இருக்கும், இன்னொருவருக்குக் கருத்துப் பகுதி, மற்றொருவருக்கு ஒரே ஒரு நபரின் பதிவுகள். எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை என்பது இங்கேயே புரிந்துவிடும்.

வேலை நடுவில் செய்தி நினைவு வருகிறதா, வீட்டில் ஒருவர் பேசும்போது காது அங்கே இல்லையா, பார்ப்பதை நிறுத்த நினைத்தும் முடியவில்லையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2022-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, பங்கேற்றவர்களில் 16.5 சதவீதம் பேர் இந்த வகையில் கடுமையான நிலையில் இருப்பதாகக் கண்டது. அவர்களிடம் மன உளைச்சலும் உடல் உபாதைகளும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன.

படி 2: எந்தச் செய்தி உங்களுக்கு வேலைக்கு ஆகும்?

இதுதான் நடுநாயகமான படி. ஒரு நாளில் கண்ணில் படும் அரசியல் செய்திகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் வகை, உங்கள் வாழ்க்கையை நேரடியாகத் தொடுவது. வரி, பள்ளி, விசா விதிகள், ஓய்வூதியம், நீங்கள் இருக்கும் பகுதியில் வரப்போகும் திட்டம், வாக்காளர் பட்டியல் தேதி. இவற்றைத் தவறவிட்டால் இழப்பு உங்களுக்கு.

இரண்டாம் வகை, உங்களைத் தொடாவிட்டாலும் நீங்கள் உண்மையிலேயே அக்கறைப்படுவது, ஏதாவது ஒரு விதத்தில் பங்களிக்கக்கூடியது. நீர்நிலைப் பாதுகாப்பாக இருக்கலாம், சிறை சீர்திருத்தமாக இருக்கலாம், வேறொரு நாட்டில் நடக்கும் போராகவும் இருக்கலாம்.

மூன்றாம் வகை, வேடிக்கை. யார் யாரைப் பார்த்து என்ன சொன்னார், அதற்கு யார் பதிலடி கொடுத்தார், எந்தத் தலைவர் எந்தத் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேடிக்கை பார்ப்பதில் தவறே இல்லை, கிரிக்கெட் பார்ப்பதும் அதுதானே. ஆனால் அதைக் குடிமைக் கடமை என்று நினைத்துக்கொண்டு பார்ப்பதுதான் வம்பு. கடமை என்று நினைத்தால் நிறுத்தவும் முடியாது, ரசிக்கவும் முடியாது.

இப்போது ஒரு காகிதத்தில் முதல் வகையில் உள்ளவற்றை எழுதுங்கள். இரண்டாம் வகையில் இரண்டு, மிஞ்சினால் மூன்று தலைப்புகளுக்கு மேல் வேண்டாம். உலகத்தில் மற்ற துயரங்கள் முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. எல்லாத் துயரத்தையும் மேலோட்டமாகத் தெரிந்துவைத்திருப்பவரால் எதற்கும் உதவ முடிவதில்லை. ஒன்றை ஆழமாகத் தெரிந்தவர் பேசும்போது நாலு பேர் நின்று கேட்கிறார்கள். ஆழம் போகப் போகப் பதற்றம் குறையும் என்பது என் கருத்து. ஒரு விஷயத்தின் சட்டம், வரலாறு, யார் கையில் என்ன அதிகாரம் என்பதெல்லாம் தெரிந்துவிட்டால், அதைப் பற்றி வரும் ஒவ்வொரு "சற்றுமுன்" செய்தியும் இடி மாதிரி இறங்காது. இது எதிர்பார்த்ததுதான், அடுத்தது நீதிமன்றம் என்று மனம் தானாகவே அடுக்கிவைத்துக்கொள்ளும்.

படி 3: நேரத்தைக் கட்டுங்கள்

ஒரு மசோதாவின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை 9 மணிக்கு, இன்று அவையில் வரப்போகிறது என்று அறிவிப்பு. 10.30-க்குக் கடும் எதிர்ப்பு. 12 மணிக்கு அமளி, ஒத்திவைப்பு. 12.20-க்கு ஒத்திவைப்பைப் பற்றி ஒரு தலைவர் சொன்னது. ஒரு மணிக்கு அவருக்கு இன்னொருவர் பதிலடி. 3 மணிக்கு அவை கூடி, மறுபடியும் ஒத்திவைப்பு. மாலை 6 மணிக்கு நாலு பேர் உட்கார்ந்து கத்தல். இரவு 9 மணிக்கு அந்த நாலு பேரில் ஒருவர் மைக்கைக் கழற்றிவிட்டு எழுந்துபோன வீடியோ துண்டு. 11 மணிக்கு அந்தத் துண்டை வைத்து மீம்.

மறுநாள் காலை நாளிதழில் ஒரு பத்தி: மசோதா தாக்கலானது, குழுவின் பரிசீலனைக்குப் போகிறது, முக்கியப் பிரிவுகள் இவை, குழுவின் அறிக்கை எப்போது வரும் என்பது. நாள் முழுக்கப் பின்தொடர்ந்தவருக்கு மைக்கைக் கழற்றியவர் பெயர் தெரியும். அந்த ஒரு பத்தியை வாசித்தவருக்கு மசோதாவில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஆகவே, நாளுக்கு ஒரு முறை அல்லது இரண்டு முறை, ஒவ்வொன்றும் 20 முதல் 30 நிமிடம். உடனே தெரிந்தாக வேண்டிய அரசியல் செய்தி என்பது மிக மிக அரிது. ஊரடங்கு, போக்குவரத்து முடக்கம், வெளியேற்ற உத்தரவு போன்றவை அந்த வகை. அவற்றைச் சொல்ல அக்கம்பக்கத்தார் போதும், நாள் முழுக்கக் காவல் இருக்கத் தேவையில்லை.

எந்த நேரம்? எழுந்த உடனும் வேண்டாம், படுக்கப் போகும் முன்னும் வேண்டாம். காலை வேலைகள் முடிந்த பிறகு, அல்லது மாலையில் இருட்டும் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைக்குக் கைபேசி வரக்கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் சாக்கு. ஒரு அலாரக் கடிகாரம் வாங்கினால் அதுவும் போய்விடும்.

அந்த 20 நிமிடத்துக்குப் பிறகு உடனே செய்வதற்கு ஒரு வேலை வைத்திருங்கள். பாத்திரம் கழுவுவது, நடப்பது, எதுவானாலும் சரி. நிறுத்துவது கடினமாக இருப்பதற்கு ஒரு காரணம், நிறுத்தினால் அடுத்து என்ன என்று தெரியாததுதான்.

படி 4: பார்ப்பதைக் குறைத்து, வாசிப்பைக் கூட்டுங்கள்

ஒரே செய்திதான், ஆனால் வீடியோவாக வந்தால் அழுகுரல், அதிரும் இசை, பத்து முறை திருப்பிப் போடப்படும் அதே காட்சி எல்லாம் கூடவே வரும். எழுத்தில் வந்தால் வேகம் உங்கள் கையில் இருக்கும். பிடிக்காத பத்தியைத் தாண்டலாம், நிறுத்தி யோசிக்கலாம். ஒரே ஒரு மாற்றம்தான் செய்வேன் என்று அடம்பிடிப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்: அரசியலை வாசியுங்கள், பார்க்காதீர்கள்.

எங்கே வாசிப்பது? முடிவு உள்ள இடத்தில். அச்சு நாளிதழ், அதன் மின்னிதழ், நாளுக்கு ஒரு முறை வரும் மின்னஞ்சல் தொகுப்பு, வார இதழ். வார இதழைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒரு வாரத்துக்குள் பாதிச் செய்திகள் தாமாகவே உதிர்ந்துவிடும், மிஞ்சுவதுதான் விஷயம்.

மூலங்களைப் பொறுத்தவரை மூன்று போதும். நடந்ததை நடந்தபடி சொல்லும் ஒன்று (ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி போன்ற செய்தி முகமைகள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகின்றன). உங்கள் பகுதிச் செய்தியைத் தரும் ஒன்று. உங்கள் கருத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும், ஆனால் நேர்மையாக வாதிடும் ஒன்று. மூன்றாவது கொஞ்சம் கசக்கும். ஆனால் எதிர்ப்பக்கத்தின் சிறந்த வாதத்தை அறிந்தவருக்கு, அதன் மோசமான ஆளைப் பார்த்துக் கொதிக்கும் தேவை குறைந்துவிடும்.

விவாத நிகழ்ச்சிகளை இதில் நான் எங்கேயும் சேர்க்கவில்லை. அவற்றைச் செய்தி என்று எண்ணுவதை நிறுத்துங்கள். பிடித்தால் பொழுதுபோக்காகப் பாருங்கள்.

படி 5: கைபேசியை அடக்கும் அரை மணி நேரம்

ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து மொத்தமாகச் செய்துவிடுங்கள். மன உறுதியை நம்பாதீர்கள், அது மாலை ஆறு மணிக்குமேல் யாருக்கும் இருப்பதில்லை.

செய்திச் செயலிகள் எல்லாவற்றின் அறிவிப்பையும் அணையுங்கள். வானிலை எச்சரிக்கை போன்ற அவசர எச்சரிக்கைகள் மட்டும் இருக்கட்டும்.

யூடியூபில் 'வாட்ச் ஹிஸ்டரி'யை நிறுத்தி, பழைய வரலாற்றையும் அழித்துவிட்டால், முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் வருவது நின்றுவிடும். திறந்ததும் கிட்டத்தட்ட வெற்றுத் திரைதான். முதல் நாள் கை நடுங்கும், நாலாவது நாள் பழகிவிடும். தானாக அடுத்த வீடியோ ஓடும் 'ஆட்டோபிளே'யையும் அணையுங்கள்.

எக்ஸ் தளத்தில் குறிப்பிட்ட சொற்களை 'மியூட்' செய்யும் வசதி உண்டு. உங்களைக் கொதிக்கவைக்கும் நாலைந்து பெயர்களையும் ஹேஷ்டேகுகளையும் அதில் போடுங்கள். 'ஃபாலோயிங்' பக்கத்துக்கு மாறினால் நீங்கள் தேர்ந்தவர்களின் பதிவுகள் மட்டும் வரும். வீடியோ தானாக ஓடுவதையும் நிறுத்துங்கள். வன்முறைக் காட்சிகள் பெரும்பாலும் கேட்காமலே கண்ணில் விழுவது அந்த வழியாகத்தான், ஒரு முறை பார்த்தால் மனதிலிருந்து அழிக்கவும் முடியாது.

வாட்ஸ்அப் குழுக்களை 'எப்போதும்' என்று மியூட் செய்து, ஆர்க்கைவில் போடுங்கள். வெளியேறினால்தானே அத்தை கேட்பார்? இதை யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

இவ்வளவு செய்தும் கை தானாகப் போனால், செயலியை நீக்கிவிட்டு பிரவுசரில் மட்டும் பாருங்கள், ஒவ்வொரு முறையும் லாக் அவுட் செய்யுங்கள். கடவுச்சொல்லைத் தட்டும் அந்தப் பத்து நொடியிலேயே பாதி ஆசை அடங்கிவிடும்.

படி 6: சொந்தக்காரர்கள், நண்பர்கள், ஃபார்வேர்டுகள்

ஃபார்வேர்டில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கைமாறி வந்தது என்று அர்த்தம். இப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 தகவல்களை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வில், பொய்ச் செய்திகள் உண்மையைவிட வேகமாகவும் தூரமாகவும் பரவின. அதிலும் அரசியல் பொய்கள்தான் முன்னால் ஓடின. பரப்பியவை பெரும்பாலும் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே.

எனவே ஒரு செய்தி பார்த்ததும் ரத்தம் சூடேறினால், அதையே சோதனை செய்வதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் யார் என்பதை விட்டுவிட்டு, முதலில் சொன்னது யார் என்று தேடுங்கள். வேறு நம்பகமான இடத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டால் பழைய படமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டு நிமிடத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்றால் அந்தச் செய்தியை விட்டுவிடலாம். உண்மையாக இருந்தால் நாளைக்கும் இருக்கும்.

அனுப்பியவருக்கு என்ன சொல்வது? குழுவில் எல்லோர் முன்னாலும் "இது பொய்" என்று போட்டால், செய்தி போய் மானப் பிரச்சினை வந்துவிடும். தனியாக, மரியாதையாக, கேள்வியாக அனுப்புங்கள்: "மாமா, இந்த வீடியோவைத் தேடிப் பாத்தேன், பல வருஷம் முன்னாடியே வந்த மாதிரி இருக்கு. உங்களுக்கு யார் அனுப்பினாங்க?" பெரும்பாலும் அவரும் வேறு யாரிடமிருந்தோ வாங்கித்தான் அனுப்பியிருப்பார், தப்பிக்க ஒரு வழி கிடைத்தால் எடுத்துக்கொள்வார். சண்டைக்கே இழுப்பவர் என்றால், "நேர்ல வரும்போது பேசலாம் மாமா, இதுல வேணாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேரில் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், நம் முகத்தை அவரும் பார்ப்பார். இருவருமே கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம்.

முகம் தெரியாதவர்களோடு கருத்துப் பகுதியில் வாதம் செய்வதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. செய்யாதீர்கள்.

படி 7: கிளம்பிய கோபத்தை என்ன செய்வது

இதுவரை சொன்னதெல்லாம் உள்ளே வருவதைக் குறைப்பது. வந்துவிட்ட கோபத்துக்கும் பயத்துக்கும் ஒரு போக்கிடம் வேண்டும்.

கவலை தலைக்குள் சுற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு, 1980-களிலிருந்து உளவியலாளர்கள் பயன்படுத்தும் ஒரு முறை உண்டு: கவலைக்கென்று ஒரு நேரம், ஒரு இடம். தினமும் குறிப்பிட்ட அரை மணி நேரம், உதாரணமாக மாலை 5 மணிக்கு, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கவலைப்படுங்கள். மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு வரியில் எழுதிவிட்டு "5 மணிக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிவையுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கவலைப்படாதே என்று மனதுக்குச் சொன்னால் அது கேட்காது, அப்புறம் என்று சொன்னால் பல நேரம் கேட்கிறது.

ஒரு முரண்பாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, அன்றாட அரசியல் தரும் மன உளைச்சலை மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தது. கவனத்தை வேறு பக்கம் திருப்புவது போன்ற உத்திகள் மனதுக்கு இதம் தந்தன. ஆனால் அதே உத்திகள், ஏதாவது செய்ய வேண்டும் என்ற உந்துதலையும் குறைத்தன. அதேபோல, 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்திவைத்தவர்களை ஆராய்ந்தபோது, அவர்களுடைய மனநிலை சற்று மேம்பட்டிருந்தது, அரசியல் விஷயங்களில் கருத்துப் பிளவும் குறைந்திருந்தது. கூடவே நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்திருந்தது. எதுவும் இலவசம் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். குறைத்த நேரத்தில் ஒரு பகுதியைச் செயலுக்குக் கொடுக்க வேண்டும். படி 2-ல் எழுதிய தலைப்பு ஒன்றுக்கு மாதம் ஒரு காரியம். உங்கள் பகுதி மக்கள் பிரதிநிதிக்கு ஒரு கடிதம், ஒரு தகவல் கோரும் மனு, உள்ளாட்சிக் கூட்டத்தில் போய் உட்கார்வது, அந்த விஷயத்தில் வேலை செய்யும் அமைப்புக்கு ஒரு சனிக்கிழமை, புதிதாக வாக்களிக்கப் போகும் இளைஞர் ஒருவருக்குப் படிவம் நிரப்ப உதவுவது. பகிர்வதும் கமெண்ட் போடுவதும் இந்தக் கணக்கில் வராது. செயல் சின்னதாக இருக்கலாம், ஆனால் உங்கள் கண்முன்னால் ஒரு ஆள் அல்லது ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

படி 8: பெரிய நாட்கள்

தேர்தல் முடிவு, ஆட்சிக் கவிழ்ப்பு, கலவரம், தாக்குதல், போர். இந்த நாட்களில் மேலே சொன்ன ஒழுங்கெல்லாம் பறந்துவிடும். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஆய்வு இதில் கண்ணைத் திறக்கும். அடுத்த ஒரு வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளைப் பார்த்தவர்களிடம் காணப்பட்ட மன அழுத்தம், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களுடையதைவிடவும் அதிகமாக இருந்தது. ஏற்கனவே பதற்றமானவர்கள்தான் அதிகம் பார்த்திருப்பார்கள் என்றும் வாதிடலாம், அதிலும் உண்மை இருக்கும். எப்படி இருந்தாலும், பார்த்துக்கொண்டே இருந்தால் மனம் தெளியும் என்ற எண்ணத்துக்கு அங்கே ஆதாரம் இல்லை.

எனவே அந்த நாட்களில்: மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம், எழுத்து வடிவில் மட்டும். முதல் சில மணி நேரத்தில் வரும் எண்ணிக்கைகள், பெயர்கள், காரணங்கள் எல்லாம் மாறும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் முடிவு நாளில் முன்னணி நிலவரத்தை நொடிக்கு நொடி பார்ப்பதால் ஒரு வாக்குகூட மாறாது. ஆனால் அது ஒரு திருவிழா மாதிரியும்தான். நண்பர்களோடு உட்கார்ந்து பார்ப்பதென்றால் பாருங்கள், தனியாக இருட்டில் மட்டும் வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பின்னணியில் செய்தி ஓடுவதை அணைத்துவிடுங்கள், அவர்கள் கவனிக்கவில்லை என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

செய்தியே உங்களைப் பற்றியதாக இருந்தால்

இதுவரை சொன்னது, செய்தியைத் தள்ளிவைக்க முடிந்தவர்களுக்கு. போர் நடக்கும் இடத்தில் அம்மா இருக்கிறார், தங்கும் அனுமதி ஒரு தீர்ப்பில் தொங்குகிறது, சொந்த சமூகத்தின் மேல் தாக்குதல் நடக்கிறது என்றால் "கொஞ்சம் பார்க்காமல் இரு" என்பது அறிவுரை இல்லை, அவமானம்.

அப்போது செய்யக்கூடியது, பார்க்கும் வேலையைப் பங்குபோடுவது. நம்பகமான ஒருவரிடம் சொல்லிவையுங்கள்: "இது நடந்தால் மட்டும் எனக்கு போன் பண்ணு, எந்த நேரமானாலும் பரவாயில்லை." எது நடந்தால் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். குடும்பத்தில் முறை வைத்துக்கொண்டும் செய்யலாம், இன்றைக்கு அண்ணன் பார்ப்பார், நாளைக்கு நீங்கள். சட்டம் சம்பந்தப்பட்டதென்றால் வழக்கறிஞரோ உதவி அமைப்போ தரும் தகவலை முதன்மையாக வையுங்கள். சமூக ஊடகத்தில் வரும் ஊகங்களை வைத்து வாழ்க்கை முடிவுகளை எடுக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், வேலையோ உறவோ ஆட்டம் கண்டால், வாழ்வதில் அர்த்தம் இல்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், இந்த வழிகாட்டியை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே.

ஒரு மாதம் கழித்து

படி 1-ல் எழுதிய தாளைத் தேடி எடுத்து, மறுபடி மூன்று நாள் மட்டும் அதே மாதிரி எழுதிப் பாருங்கள். நீங்கள் தேர்ந்த தலைப்புகளில் ஒரு மாதத்துக்கு முன் தெரியாதது எதுவும் இப்போது தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அளவுக்கு மீறிக் குறைத்திருக்கிறீர்கள், ஒரு நல்ல வார இதழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் எரிச்சலோடுதான் மூடுகிறீர்களா? எந்த இடம் என்று தாளிலேயே இருக்கும், அதை மட்டும் வெட்டுங்கள். தேர்தல் நெருங்கும்போது பழைய பழக்கம் திரும்பி வரத்தான் செய்யும். அப்போது படி 5-ஐ மட்டும் மறுபடி செய்தால் போதும், செயலிகள் அப்டேட் ஆகும்போது அணைத்துவைத்த அறிவிப்புகளும் சில நேரம் தாமாகவே உயிர்பெற்றிருக்கும்.